ஸ்டூடியோ இருக்கிறது, பீரியடு இல்லை

தனியார் பள்ளிகளில் தொழில்நுட்பக் கல்வி என்றாலே முதலில் காட்டுவது ஓர் அறையைத்தான். பச்சைத் திரை, இரண்டு மூன்று கேமரா, வட்ட விளக்குகள், கண்ணாடிக் கதவில் 'மீடியா லேப்' என்று ஒரு பலகை. சேர்க்கை சமயத்தில் பெற்றோரை அந்த வழியாகத்தான் கூட்டிப்போவார்கள். அந்த அறை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடமும் மாணவர் ஊடகக் குழுவும் சேர்ந்தே என் தலையில் வந்து விழுந்து சில வருடங்கள் ஆகின்றன. இதே வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைக்குப் பள்ளி தேடும் பெற்றோருக்கும், குழுவில் சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் மாணவர்களுக்கும் உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

வசதியான பள்ளியில் கருவி வாங்குவது பெரிய காரியமே இல்லை. கால அட்டவணையில் இடம் வாங்குவதுதான் பெரும்பாடு. 45 நிமிட பீரியடைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் வந்து உட்கார 5 நிமிடம். கேமரா, ஸ்டாண்டு, மைக் எல்லாம் எடுத்து மாட்ட 10 நிமிடம். கடைசியில் கழற்றி, பேட்டரியைச் சார்ஜில் போட்டு, பதிவேட்டில் எழுத இன்னொரு 10 நிமிடம். மிச்சம் இருக்கும் 20 நிமிடத்தில் ஒரு உருப்படியான பேட்டி எடுக்க முடியாது. எடுத்ததைக் கேட்டுப் பார்க்கவும் முடியாது. கேட்டுப் பார்க்காமல் அறையைப் பூட்டினால் அடுத்த வாரம் அதே தப்பு மறுபடி நடக்கும்.

அதனால் நான் நிர்வாகத்திடம் முதலில் கேட்டது அடுத்தடுத்து இரண்டு பீரியடு, முடிந்தால் நாளின் கடைசி இரண்டு. 'எந்தப் பாடத்திலிருந்து பிடுங்குவது' என்ற கேள்வி வரும், கண்டிப்பாக வரும். அதற்குப் பதிலோடு போக வேண்டும். யாருடைய பாடத்திலும் கை வைக்காமல், வெவ்வேறு நாளில் கிடந்த கம்ப்யூட்டர் செய்முறை பீரியடையும் நூலக பீரியடையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவர முடியுமா என்று அட்டவணை போடும் ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசினேன். முதல்வரிடம் பேசுவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுவது நல்லது. பள்ளியில் உண்மையான அதிகாரம் அட்டவணை போடுகிறவரிடம்தான் இருக்கிறது!

பீரியடு கிடைத்ததும் எல்லோருக்கும் கேமரா மேல்தான் கை போகும். நான் முதல் சில வாரங்களுக்குக் கேமராவை வெளியே எடுக்கவே விடுவதில்லை. சத்தம்தான் முதல் பாடம். படம் கொஞ்சம் ஆடினாலும், கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியவில்லை என்றால் அடுத்த நொடி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பயிற்சி ரொம்ப எளிது. ஒரே வாக்கியத்தை ஒரே மாணவர் மூன்று இடத்தில் பேச வேண்டும்: காலி வகுப்பறை, நடைபாதை, புத்தக அலமாரிகள் நிறைந்த நூலக மூலை. ஒவ்வோர் இடத்திலும் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண், ஒரு கை நீளம், அறையின் மறுமுனை என்று மூன்று தூரத்தில் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். வெறும் ஃபோன் போதும். பிறகு எல்லோரும் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். விலை உயர்ந்த மைக்கை அறையின் மறுமுனையில் வைப்பதைவிடச் சாதாரண ஃபோனை ஒரு சாண் தூரத்தில் வைப்பது எவ்வளவோ மேல் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் வாயே திறக்க வேண்டியதில்லை. வெறுஞ்சுவர் எதிரொலிக்கும், அலமாரியும் திரைச்சீலையும் ஒலியை விழுங்கும் என்பதும் அங்கேயே புரிந்துவிடும். இயற்பியல் ஆசிரியர் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டுத் தன் ஒலியியல் பாடத்தையே நூலகத்தில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒலி அளவு. பேச்சைப் பதியும்போது மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். டிஜிட்டலில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு, அதைத் தொட்டால் அந்த இடம் வெட்டுப்பட்டுவிடும். எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக மீட்க முடியாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிய வேண்டும் என்பதை வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் என்று எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி வைத்துவிட்டால், எடிட்டிங்கில் உதடும் குரலும் விலகும் தலைவலிகளில் ஒன்று குறையும். இன்னொன்று ஃபோன்களால் வருவது. பல ஃபோன்கள் நொடிக்கு இத்தனை படம் என்று நிலையாகப் பதிவதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். சில எடிட்டிங் மென்பொருள்கள் இதில் தடுமாறும். நிலையான வேகத்தில் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் எடிட் செய்வதற்கு முன் ஃபைலை மாற்றிக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்காகப் பணம் செலவழிக்காதீர்கள், குறைந்தது முதல் வருடம். 2000ல் வந்த ஆடாசிட்டி ஒலிக்குப் போதும், இன்றும் இலவசம். நேரலைக்கும் பதிவுக்கும் ஓபிஎஸ் ஸ்டூடியோ. வீடியோ எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கம்ப்யூட்டர் பழையது என்றால் கேடென்லைவ். பள்ளியில் இருப்பதையே மாணவர் வீட்டிலும் போட்டுக்கொள்ள முடிவதுதான் இதில் பெரிய லாபம். பள்ளியில் மட்டும் உரிமம் உள்ள மென்பொருளில் கற்ற பிள்ளை விடுமுறை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பேசுகிறவருக்குப் பின்னால் வேறு காட்சியை ஒட்ட உதவும் பச்சைத் திரையைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: சுத்த வீண். திரைக்கும் பேசுகிறவருக்கும் தனித்தனியாகச் சமமான வெளிச்சம் கொடுக்க இடம் வேண்டும், பள்ளி அறைகளில் அது இருப்பதில்லை. தலைமுடியைச் சுற்றிப் பச்சை விளிம்போடு நிலவில் நின்று செய்தி வாசிப்பதில் என்ன கிடைக்கிறது?

செய்தி வாசிப்பு என்றதும் இன்னொரு விஷயம். மாணவர் ஊடகம் ஆரம்பிக்கிற முக்கால்வாசிப் பள்ளிகள் டிவி செய்தியைக் காப்பியடிப்பதில்தான் ஆரம்பிக்கின்றன. கோட்டு, மேசை, 'வணக்கம், இன்றைய தலைப்புச் செய்திகள்' என்று சரளமாகப் பேசும் அதே நாலு பேர். மீதிப் பேர் கைதட்ட. எங்கள் குழுவில் மேசையையே எடுத்துவிட்டோம். ஒவ்வொருவருக்கும் ஒரு களம்: ஒருவர் விளையாட்டு மைதானம், ஒருவர் நூலகம், ஒருவர் பேருந்துகள், ஒருவர் ஆய்வகங்கள். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர்தான் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மிகாமல் ஒரு பதிவு. தொகுப்பாளர் கிடையாது. பேசவே தயங்கும் பிள்ளைகள்கூட, ஒரு இடத்தைப் பற்றித் தனக்குத்தான் அதிகம் தெரியும் என்றால் நன்றாகப் பேசுகிறார்கள்.

இப்போது நேரலைக்கு வருகிறேன். தொழில்நுட்பக் கல்வி என்று நான் மதிக்கிறது பெரும்பாலும் அங்கேதான் நடந்திருக்கிறது. பள்ளி விழாவை வீட்டிலிருக்கும் பெற்றோருக்கு நேரலையில் காட்ட வேண்டும் என்றார்கள். மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை அரங்கில் ஒத்திகை பார்த்தார்கள், ஒருவருடைய ஃபோன் இணைப்பை வைத்து. பிரமாதமாகப் போனது. விழாவுக்கு முந்தின நாள் பள்ளி நெட்வொர்க்கில் மாட்டினால் இணைப்பே பிடிக்கவில்லை. இணையதளங்கள் திறக்கின்றன, வீடியோ ஓடுகிறது, ஆனால் ஓபிஎஸ் மட்டும் 'சர்வரை அடைய முடியவில்லை' என்கிறது. காரணம் இதுதான்: நேரலையை அனுப்பப் பயன்படும் ஆர்டிஎம்பி என்ற நெறிமுறை வழக்கமாக 1935 என்ற போர்ட், அதாவது நெட்வொர்க்கில் எண் போட்ட ஒரு வாசல், வழியாகப் போகும். பள்ளி நெட்வொர்க்குக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வால் சாதாரண இணையப் பக்கங்களுக்கான 80, 443 போர்ட்களை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைத் தேடிக் கண்டுபிடித்து, பாதுகாக்கப்பட்ட வகையான ஆர்டிஎம்பிஎஸ் 443 வழியாகப் போகும் என்று படித்துவிட்டு, அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். போனது. நெட்வொர்க் பாடத்தில் போர்ட் எண்களை மனப்பாடம் செய்து மறந்துபோன பிள்ளைகள் அன்றைக்கு அதை மறக்காத மாதிரி கற்றுக்கொண்டார்கள்.

அதே விழாவில் ஒலி இன்னொரு பாடம் எடுத்தது. அரங்கின் மைக்குகளை ஒன்றுசேர்க்கும் மிக்ஸர் கருவியிலிருந்து ஒரு வயரைக் கேமராவின் மைக் துளையில் சொருகினோம். பேச்சு முழுக்கக் கிழிந்த ஸ்பீக்கரில் கேட்கிற மாதிரி. மிக்ஸர் வெளியே விடுவது வலுவான லைன் அளவு சிக்னல், கேமரா எதிர்பார்ப்பது மிகவும் பலவீனமான மைக் அளவு சிக்னல். இரண்டுக்கும் நடுவே 40 டெசிபலோ அதற்கும் மேலோ வித்தியாசம் இருக்கும். மிக்ஸரில் எவ்வளவு குறைத்தாலும் சுத்தமாகாது. கேமராவில் லைன் என்று மாற்றும் வசதி இருந்தால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் நடுவில் அளவைக் குறைக்கும் ஒரு சின்னத் தடுப்பான் போட வேண்டும், அல்லது மிக்ஸரிலிருந்து நேராக, ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் கருவிக்குக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் மூன்றாவதைச் செய்தோம். எதைச் செய்தாலும் கேமராவிலேயே இருக்கும் மைக்கையும் ஓடவிடுங்கள். மிக்ஸரில் கைதட்டலும் சிரிப்பும் வராது. அவை இல்லாத விழா, பார்க்கிறவருக்குக் காலி அரங்கில் நடந்த மாதிரி இருக்கும்.

வேறு சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நேரலைக் கம்ப்யூட்டரை வைஃபையில் விடாதீர்கள், வயர் போடுங்கள். ஒத்திகையில் காலியாக இருந்த வைஃபையில் விழா அன்று அரங்கு முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும். முழு ஹெச்டியில் நொடிக்கு 5 மெகாபிட் அளவில் அனுப்புவதாக இருந்தால், அப்லோடு வேகம் குறைந்தது அதுபோல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். சில வீடியோ தளங்களில் முதல் தடவை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், ஆகவே முந்தின நாள் ராத்திரி கணக்கு ஆரம்பிக்காதீர்கள். பழைய புகைப்படக் கேமராக்களை வீடியோவுக்கு வைத்தால் பலவற்றில் 29 நிமிடம் 59 விநாடியில் பதிவு தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் காலத்தில் அது வீடியோ கேமரா என்ற வகையில் சேர்ந்து வரி கூடியது என்பதால் நிறுவனங்கள் வைத்த எல்லை அது. சிறப்பு விருந்தினருக்கு இந்த விஷயம் தெரியாது. அவர் பாட்டுக்கு முக்கால் மணி நேரம் பேசுவார்.

விழா முடிந்து பதிவை ஏற்றிய பிறகு நடனப் பகுதி முழுக்கச் சத்தம் இல்லாமல் போயிருந்தது. பின்னணிப் பாட்டின் ஒலிப்பதிவு உரிமை வேறொருவருடையது; வீடியோ தளங்கள் இப்போது அதைத் தானாகவே கண்டுபிடித்துவிடும். 'பள்ளிதானே, லாபநோக்கு இல்லையே' என்ற பேச்சு அங்கே எடுபடாது. இதில் பிள்ளைகளுக்குப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. பீத்தோவன் இறந்தது 1827ல், அவர் இசைக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதை ஒரு இசைக்குழு போன வருடம் வாசித்துப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு. இசையமைப்பு வேறு, ஒலிப்பதிவு வேறு. இதைச் சொன்னதும் ஒரு மாணவன் 'அப்போ நாமளே வாசிச்சா?' என்று கேட்டான். அதுதான் சரியான கேள்வி. பள்ளி இசைக்குழு இருக்கும்போது வெளியார் பாட்டை ஏன் போட வேண்டும்? இப்போது எங்கள் நிகழ்ச்சிகளின் தொடக்க இசை மாணவர்கள் வாசித்தது. மற்றபடி, படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவற்றை எடுக்கிறோம், ஒவ்வொன்றிலும் பெயர் குறிப்பிட வேண்டுமா, மாற்றலாமா, வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்று பார்த்து. 'இலவசம்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது.

பாடத்திட்டத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் அறிவியலும் ஊடகக் குழுவும் தனித்தனியாக ஓடினால் இரண்டுமே காய்ந்துபோகும். எனக்குப் பிடித்த உதாரணம் சப்டைட்டில். ஒரு வீடியோவின் தொடக்கத்தில் தலைப்பு அட்டை ஒன்றைச் சேர்த்ததில் சப்டைட்டில் எல்லாமே 3 விநாடி முன்னால் வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற உட்கார்ந்தவனை நிறுத்தி, பைத்தான் என்ற நிரல் மொழியில் அதற்கு ஒரு நிரல் எழுதச் சொன்னேன். சப்டைட்டிலைச் சேமிக்கும் எஸ்ஆர்டி ஃபைல் என்பது வெறும் எழுத்து ஃபைல்தான்: வரிசை எண், அடுத்த வரியில் தொடக்க நேரமும் முடிவு நேரமும், அதன் கீழ் வசனம், பிறகு ஒரு காலி வரி. விநாடியில் 3ஐக் கூட்டினான். 00:01:58 இருந்த இடம் 00:01:61 ஆனது. வகுப்பே சிரித்தது, அவனும்தான். பிறகு எல்லாவற்றையும் மில்லி விநாடியாக மாற்றி, 3000 கூட்டி, திரும்ப மணி நிமிடமாகப் பிரித்தான். வகுத்தல், மீதி, எழுத்துச் சரத்தைப் பிரிப்பது, ஃபைலைத் திறந்து எழுதுவது எல்லாம் ஒரே மதியத்தில். அத்தோடு விடவில்லை. இணையப் பக்கத்துக்கு வெப்விடிடி என்ற வடிவம் வேண்டியிருந்தது. எஸ்ஆர்டியில் விநாடிக்கும் மில்லி விநாடிக்கும் நடுவே காற்புள்ளி வரும், வெப்விடிடியில் புள்ளி வரும். அந்த ஒரு எழுத்துக்காகப் பிளேயர் சப்டைட்டிலைக் காட்டாமல் அடம்பிடித்ததைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பிடித்த நேரத்தை நான் வீண் என்று நினைக்கவில்லை.

இதேபோல் இன்னொன்று: பதிவு நடக்கும்போது அறைக்கு வெளியே சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். 2022ல் வந்த 28ஆம் பதிப்பிலிருந்து ஓபிஎஸ்ஸோடு வேறு நிரல்கள் பேசுவதற்கான வசதி உள்ளேயே வருகிறது. பைத்தான் அதனிடம் 'பதிவு ஓடுகிறதா' என்று கேட்கும், ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை விளக்கைப் போடும். கடையில் கிடைக்கிற விளக்கைவிட அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கெட்டுப்போனால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார்கள்.

சரி, இனி சங்கடமான பகுதி. தனியார் பள்ளியில் ஊடகக் குழு என்றதும் நிர்வாகத்தின் மனதில் ஓடுவது விளம்பரம். விருந்தினர் வந்தால் படம் எடு, தேர்ச்சி விழுக்காட்டுக்கு ஒரு வீடியோ போடு, சேர்க்கைக்கு முன் ஒரு சின்னப் படம் செய். அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கருவிக்குப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் குழு முழுக்க அதற்கே போய்விட்டால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது சம்பளமில்லாத போட்டோகிராபர் வேலை மட்டுமே. நாங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பள்ளி கேட்கும் வேலைகள் மாதத்துக்கு இத்தனைதான், அதற்கு மேல் கேட்டால் வெளி ஆளை வைத்துக்கொள்ள வேண்டும். மாணவர் பெயர் போடாமல் எதுவும் போகக் கூடாது. விளம்பரமும் மாணவர் செய்தியும் ஒரே பக்கத்தில் வரக் கூடாது.

செய்தி விஷயம் இன்னும் நுணுக்கமானது. மாடியில் குடிநீர்க் குழாய்களில் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்று இரண்டு மாணவர்கள் ஒரு பதிவு தயாரித்தார்கள். புலம்பல் இல்லை. எந்தக் குழாய், எந்த நேரம் என்று குறித்து, படம் எடுத்து, பராமரிப்பு அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலையும் அப்படியே சேர்த்திருந்தார்கள். நிர்வாகத்தில் ஒருவர் 'இது இப்போ தேவையா?' என்றார். சேர்க்கை சமயம். எங்களிடம் எழுத்தில் விதி இருந்ததால்தான் அது வெளியானது. என்ன வெளியாகிறது என்பதை முடிவு செய்வது மாணவர்களே இருக்கும் பதிப்பாசிரியர் குழு. பொறுப்பாசிரியர் பார்ப்பது தகவல் சரியா, யாரையாவது அவமதிக்கிறதா, யாருடைய அந்தரங்கமாவது வெளிவருகிறதா, சட்டச் சிக்கல் உண்டா என்பவற்றை மட்டும். விமர்சிக்கப்படுகிறவருக்குப் பதில் சொல்ல இரண்டு பள்ளி நாள். முதல்வர் தடுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். ஒரே ஒரு தாள்தான்.

அந்தத் தாள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் மாணவர் பேச்சுரிமை பற்றிப் பேசும்போது இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைச் சொல்வார்கள். 1969ல் டிங்கர் வழக்கில், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 1988ல் ஹேசல்வுட் வழக்கில், பள்ளிப் பத்திரிகையிலிருந்து முதல்வர் கட்டுரைகளை நீக்கியது செல்லும் என்றார்கள். இரண்டுமே அரசுப் பள்ளி வழக்குகள். அந்த அரசியல் சாசன உரிமை அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் பள்ளி நிர்வாகத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. தனியார் பள்ளியில் மாணவருக்கு இருக்கும் சுதந்திரம் பெரும்பாலும் நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் அளவுதான். அதனால்தான் எழுதி வாங்குங்கள் என்கிறேன், அதுவும் பிரச்சினை வருவதற்கு முன்பு, எல்லோரும் சிரித்த முகத்தோடு இருக்கும்போது.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம். படம் எடுக்கச் சம்மதம், இணையத்தில் போடச் சம்மதம், இரண்டும் வேறு வேறு; பெற்றோர் படிவத்தில் தனித்தனிக் கட்டமாக வையுங்கள். சம்மதிக்காத பிள்ளைகளின் பட்டியல் எடிட் செய்கிறவர் கையில் இருக்க வேண்டும், அலுவலக பீரோவில் இருந்து பயனில்லை. வெளியிடுவதற்கு முன் பின்னணியைப் பாருங்கள்: பேருந்துத் தட எண், கழுத்து அட்டையில் பெயர், கரும்பலகையில் யாரோ எழுதிய கடவுச்சொல். ஃபோனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிவாகியிருக்கலாம், ஏற்றுவதற்கு முன் அதை அழித்துவிடுங்கள். ஒரு மாணவியின் வீட்டுப் படத்தை வைத்து வரைபடத்தில் அவள் தெருவை அவளே தேடிக் காட்டியபோதுதான் மற்றவர்கள் நம்பினார்கள்.

கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்று இன்றைக்கே பாருங்கள். பல பள்ளிகளில் சேனலை ஆரம்பித்தது ஏதோ ஒரு ஆர்வமுள்ள பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன், அவருடைய சொந்த மின்னஞ்சலில். அவர் கல்லூரிக்குப் போய், ஃபோன் எண்ணையும் மாற்றிய பிறகு, சரிபார்ப்புக் குறியீடு யாருக்கு வரும்? எல்லாம் பள்ளியின் பொது மின்னஞ்சலில், இரண்டு பெரியவர்களிடம் மீட்பு வழியோடு, மாணவர்களுக்குத் தனித்தனி அனுமதியோடு இருக்க வேண்டும். பெரிய வகுப்புக்குப் போனதும் தேர்வு நெருக்கடியில் மாணவர்கள் குழுவை விட்டுப் போவது இயல்பு, அதனால் ஒவ்வொரு வேலைக்கும் மேல் வகுப்பு ஒருவர், கீழ் வகுப்பு ஒருவர் என்று ஜோடியாகவே போடுகிறோம். கற்றுக்கொடுக்கிறவர் கருவியைத் தொடக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. 'அக்கா, நீங்களே பண்ணிடுங்களேன்' என்று தினமும் கெஞ்சுவார்கள். விடக் கூடாது.

ஃபைல் பெயர்களும் அப்படித்தான். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று ஃபைல் இல்லாத பள்ளிக் கம்ப்யூட்டரை நான் பார்த்ததில்லை. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் ஆரம்பித்தால் பட்டியல் தானாகவே காலவரிசையில் நிற்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டிடத்தில் என்ற 3-2-1 முறையை மெமரி கார்டை அழிப்பதற்கு முன்பு கடைப்பிடியுங்கள், அழித்த பிறகு பேசிப் பயனில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். பேட்டியை எழுத்தாக்கவும், சப்டைட்டிலின் முதல் வரைவுக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம், பெயர்களையும் எண்களையும் கண்ணால் சரிபார்த்து. யாருடைய குரலையும் உருவாக்கக் கூடாது, யாரும் சொல்லாத மேற்கோள் வரக் கூடாது, நடக்காத காட்சியைச் செய்தியில் வைக்கக் கூடாது. விளையாட்டுக்காக ஆசிரியர் ஒருவரின் குரலைப் போலவே செய்து காட்டியதும், அந்த ஆசிரியர் முகம் போன விதமும் அந்த விதியை எழுத எனக்கு உதவின.

பெற்றோருக்கு: பள்ளியைச் சுற்றிப் பார்க்கும்போது ஸ்டூடியோவைக் காட்டினால் கருவிகளின் பதிவேட்டைக் கேளுங்கள். யார், எப்போது எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்று மாணவர் கையெழுத்தில் இருக்கிறதா, கடைசிப் பதிவு எந்த மாதம் என்று பாருங்கள். வீட்டில் கேமராவோ நல்ல கம்ப்யூட்டரோ இல்லாத பிள்ளை பள்ளிக் கருவியை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா, உடைந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கட்டணச் சலுகையில் படிக்கும் பிள்ளைகள் குழுவில் சேராததற்குப் பாதிக் காரணம் இந்தப் பயம்தான், வெளியே சொல்ல மாட்டார்கள். பிறகு அங்கே இருக்கும் ஒரு மாணவரிடம், ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது, 'போன மாதம் என்ன வெளியிட்டீங்க, அதில் நீ என்ன செஞ்சே?' என்று கேளுங்கள். விருதுப் பட்டியலை அவர் ஒப்பித்தால் ஒரு விதம், மைக் பேட்டரி தீர்ந்த கதையைச் சொன்னால் இன்னொரு விதம். நான் இரண்டாவது பள்ளியில்தான் சேர்ப்பேன்.

மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று. கேமரா முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்று ஒதுங்கி நிற்கிறவர்கள் சப்டைட்டில் வேலையைக் கேட்டு வாங்குங்கள். யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள், உடனே கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு பேட்டியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்பதில் நல்ல கேள்வி எது, மோசமான ஒலி எது, எங்கே வெட்டியிருக்க வேண்டும் என்பதெல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். எங்கள் குழுவில் இப்போது எடிட்டிங்கைப் பார்த்துக்கொள்கிற மூன்று பேரும் அந்த வழியாக வந்தவர்கள்தான்.